ஒரு வாகனம் மற்றொரு வாகனத்தை விழுங்கினால்

கேள்வி: பைரவர் வாகனம் பிள்ளையார் வாகனத்தை விழுங்கிவிட்டது! கொல்லையில் எங்கள் நாய் ஒரு பெருச்சாளியைத் தின்றுவிட்டது. உப்பு நீர் ஊற்றி வாந்தியெடுக்கச் செய்யலாமா?

பதில்: தெய்வங்கள் தமக்குள் சமாதானமாகிவிடுவார்கள், உப்பு நீர்தான் ஆகாது. அளவு மீறிய உப்பு தானே விஷமாகி நாயின் மூளையைத் தாக்கக்கூடும். வலிந்து எடுப்பித்த வாந்தியோ மூச்சுக்குழலில் இறங்கிவிடக்கூடும். துள்ளி ஓடிய எலியைத் துரத்திப் பிடித்துத் தின்ற நாய் பெரும்பாலும் யாதொரு தீங்குமின்றி அதை ஜீரணித்துவிடுகிறது. குடற்புழு மருந்தின் தவணை தவறாமலிருந்தால் போதும். ஆனால் அந்தப் பெருச்சாளி பட்டப்பகலில் தள்ளாடிக்கொண்டிருந்ததோ, முன்பே செத்துக் கிடந்ததோ என்றால், அது எலி மருந்து தின்றதாக இருக்கலாம்; தாமதமின்றிக் கால்நடை வைத்தியரிடம் போங்கள்.

கேள்வி: தின்று இரண்டு நாளாகிறது, வாலாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. இனிப் பயமில்லையே?

பதில்: வாலை வைத்து விஷத்தை அளக்க வேண்டாம். எலி மருந்தின் கதையைக் கேளுங்கள்: 1920-களில் வட அமெரிக்கப் பண்ணைகளில், பூஞ்சணம் பிடித்த குளோவர்த் தீவனத்தைத் தின்ற மாடுகள் இரத்தம் உறையாமல் மாண்டுபோயின. அதன் காரணத்தை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்து ரசாயன அறிஞர் கார்ல் பால் லிங்க் ஆராய்ந்த வழியிலே பிறந்த வார்ஃபரின், 1948-இல் எலி மருந்தாக வந்தது. அதன் வழித்தோன்றல்களான புரோமடியோலோன் முதலியவை இன்னும் உக்கிரமானவை. அவற்றைத் தின்ற எலி உடனே சாவதில்லை, ஈரலில் விஷத்தைச் சுமந்தபடி சில நாட்கள் உலவுகிறது. அதைத் தின்ற நாயின் உடலிலும், இரத்தத்தை உறையவைக்கும் பொருள்களின் இருப்புத் தீரும்வரை, அதாவது ஏறக்குறைய 3 முதல் 5 நாட்கள் வரை, வெளிக்கு ஒன்றுமே தெரியாது. பிறகுதான் ஈறு வெளுக்கும், மூக்கில் இரத்தம் கசியும், மூச்சு வாங்கும். ஓர் எலியில் உள்ள விஷம் பெரிய நாயைக் கொல்வது அபூர்வமே. சிறிய நாய்க்கும், நாள்தோறும் எலி வேட்டையாடும் நாய்க்கும் அபாயம் மெய்யானது. அறிகுறிக்காகக் காத்திராமல் இரத்தப் பரிசோதனை செய்துகொண்டால், வைத்தியர் தரும் வைட்டமின் கே-1 அதன் உயிரைக் காக்கும். அதை வாரக்கணக்கில் விடாமல் கொடுக்க வேண்டியிருக்கும்.

கேள்வி: பால் கொடுத்தால் விஷம் முறியும் என்கிறாரே பக்கத்து வீட்டுப் பாட்டி?

பதில்: பாட்டியின் பரிவு பெரிது; பால் அவருக்கே இருக்கட்டும். மற்றோர் எலி மருந்தான துத்தநாகப் பாஸ்பைடு என்னும் கறுப்புத் தூள், வயிற்றுப் புளிப்பு நீரோடு சேர்ந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயுவாக மாறுகிறது. பாலோ சோறோ வயிற்றில் விழுந்தால் புளிப்பு நீர் மேலும் சுரந்து, வாயுவும் மிகுதியாகும். எலியின் வயிற்றில் செரியாமல் எஞ்சிய தூளே நாய்க்கு எமன். இதில் வேதனை சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். நாய் கக்கியதிலிருந்து எழும் வாயு மனிதரையும் தாக்குமாதலால், ஜன்னல்களைத் திறந்துவிட்டு எட்ட நில்லுங்கள்.

கேள்வி: எலியால் நாய்க்கு வெறிநோய் வருமா?

பதில்: எலிகளிடம் வெறிநோய் காண்பது மிக அரிது. அஞ்சத்தக்கது எலிக் காய்ச்சல். அதன் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, மூத்திரத்தோடு மழைத் தேக்கங்களிலும் கலக்கிறது. இரண்டு வாரத்துக்குள் ஜுரம், வாந்தி, மஞ்சட்காமாலை கண்டால் சிகிச்சைக்கு விரையுங்கள். நோயுற்ற நாயின் மூத்திரத்தைக் கையுறையின்றித் துடைக்காதீர்கள், அது உங்களுக்கும் தொற்றும். ஆண்டுதோறும் தடுப்பூசி போடுவது உத்தமம்.

கேள்வி: எங்கள் தெருவில் யாரோ எலி மருந்து வைக்கிறார்கள். சண்டை போடலாமா?

பதில்: சண்டைக்கு முன் அந்த மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், கிடைத்தால் உறையையே வாங்கி வையுங்கள். வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.