அரை மணிக்காரர்

விடியப்புறம் ஏ-32 வீதியில் பஸ் நின்று, முதுகில் தொங்கவேண்டிய பையை நெஞ்சோடு அணைத்தபடி ஒருவர் ஜெயபுரத்தில் இறங்கினால் ஆரென்று விசாரிக்கத் தேவையில்லை. வயது நாற்பத்தைந்துக்குக் கிட்ட. கொழும்பில் மென்பொருள் கொம்பனி ஒன்றில் இருபது வருடம். ஊர் வைத்த பெயர் ‘கொம்பியூட்டர் அண்ணை’. இந்த ரகத்தினர் இப்போது பூநகரிப் பக்கம் அங்கொருவர் இங்கொருவராக அகப்படுகிறார்கள்.

அண்ணைக்கு ஒரு மனக்குறை உண்டு. மேசன் தான் கட்டின கிணற்றைக் காட்டுவார். தச்சுக்காரர் நிலைக்கதவைத் தட்டிக் காட்டுவார். அண்ணை எதைக் காட்டுவது? அவருடைய இருபது வருட உழைப்பு முழுவதும் நடக்காமல் போன பிழைகள்.

“பத்து வருசமாச் சம்பளப் பட்டியல் ஒருக்காலும் பிழைக்கேல்லை, சித்தப்பா.”

“பிழைக்காட்டி, பிறகேன் உனக்குச் சம்பளம்?”

இதற்குப் பதில் சொல்லத் தெரியாமல்தான் அண்ணை முற்றத்து மாமரத்துக்குக் கீழே கதிரையைப் போட்டு மடிக்கணினியைத் திறக்கிறார். சிக்னல் அந்த இடத்தில்தான் வரும். கதிரை இரண்டடி தள்ளினாலும் கொழும்பு அறுந்துவிடும்.

அவருடைய குலதெய்வம் டொனால்ட் கனூத். அமெரிக்கப் பேராசிரியர். தன் புத்தகங்களில் பிழை கண்டுபிடிப்பவருக்கு 2.56 டொலர் காசோலை அனுப்பியவர். அதென்ன 256 சதம்? பதினாறின் அடியில் எண்ணுகிறவர்களுக்கு 256 என்பது வடிவான நூறு. காசோலை கிடைத்தவர்களில் பலர் வங்கிக்குப் போகவில்லை, கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். மோசடிக்காரர் தொல்லையால் 2008 இல் உண்மைக் காசோலையை நிறுத்தி, இல்லாத தீவொன்றின் இல்லாத வங்கியின் பெயரில் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கினார். அப்போதும் கேட்டு வாங்க ஆள் இருந்தது. இந்தக் கதையை அண்ணை மேசனுக்குச் சொன்னார். “என்ரை சுவரிலை பிழை பிடிக்கிறவனுக்கு நான் கரண்டியால குடுப்பன்,” என்றார் மேசன்.

கொழும்பில் அண்ணையின் கோட் ரிவியூ என்றால் புதுப் பெடியளுக்கு வயிற்றைக் கலக்கும். எதை எழுதிக் கொடுத்தாலும் முதலில் தன் ஊரின் பெயரைப் போட்டுப் பார்ப்பார். ‘ஜெயபுரம்’ மனிசர் கண்ணுக்கு ஐந்து எழுத்து. யூனிகோட்டுக்கு எட்டு: ஒற்றைக் கொம்பு தனி, உகரம் தனி, கடைசிக் குற்றும் தனி. யூ.டி.எஃப்-8 இல் சேமித்தால் ஒவ்வொன்றும் மூன்று பைட், மொத்தம் 24. ஊர்ப் பெயருக்கு 20 பைட் தாராளம் என்று ஆங்கில நினைப்பில் எவனாவது வெட்டினால் ‘ஜெயபுர’ வரை வந்து, மிச்சத்துக்குக் கறுப்புக் கட்டத்தில் ஒரு கேள்விக்குறி விழும்.

“தம்பி, என்ரை ஊரின்ரை வாலை வெட்டிப்போட்டாய்,” என்பார். கோபத்தில் சொல்கிறாரா பகிடிக்குச் சொல்கிறாரா என்பது பெடியனுக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஆனால் அண்ணையின் உண்மையான பைத்தியம் நேரம்.

1996 மே 25 இல், மின்சாரத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, இலங்கை தன் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியது. ஒக்டோபர் 26 இல் அதில் அரை மணியைத் திருப்பி எடுத்தது. மிச்ச அரை மணியை எடுக்கக் கிட்டத்தட்டப் பத்து வருடம் பிடித்தது. அது 2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டோடு. இந்தக் கூத்து எதையும் புலிகள் ஏற்கவில்லை. அவர்களின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி கிரீனிச்சுக்கு ஐந்தரை மணி முன்னே, அசையாமல் நின்றது. ஆக, ஒரு நாட்டுக்குள் இரண்டு நேரம்: ‘பழைய நேரம்’, ‘புது நேரம்’. சாமத்தியவீட்டுக்கு எத்தனை மணிக்கு வாறது என்று கேட்டால் எந்த மணி என்றும் கேட்கவேண்டும். கடைசியில் நாடே பழைய நேரத்துக்குத் திரும்பியபோது, ஒன்றும் செய்யாமல் இருந்த மணிக்கூடுகள் சரியாகிவிட்டன. மென்பொருள் உலகில் இப்படி ஓர் அதிர்ஷ்டம் எந்தப் பழைய கோட்டுக்கும் வாய்த்ததில்லை.

வாய்க்காததற்குச் சாட்சி அரியான் 5. கொழும்பு மணிக்கூட்டைத் தள்ளிப் பத்தாம் நாள், 1996 ஜூன் 4 இல், அந்த ஐரோப்பிய ரொக்கட் கிளம்பி நாற்பது விநாடிக்குள் சிதறியது. அரியான் 4 இல் ஒழுங்காக ஓடிய கோட்டை அப்படியே தூக்கி வைத்திருந்தார்கள். புது ரொக்கட்டின் வேகம் கூட. 64 பிட் எண் ஒன்று 16 பிட் பெட்டிக்குள் அடங்கவில்லை. பழைய வீட்டில் சரியாயிருந்த எண், புது வீட்டில் கூரையைப் பிரித்துக்கொண்டு போனது.

அதனால் அண்ணையிடம் ஒரு கட்டளை உண்டு: “5.30 எண்டு கையால எழுதினவன்ரை கோட்டை நான் பாக்கமாட்டன்.” உலகத்து நேர மாற்றங்களையெல்லாம் தொகுத்து வைத்திருக்கும் நேரவலயத் தரவுத்தளம் ஒன்று இருக்கிறது. கைத்தொலைபேசிகளும் சேர்வர்களும் அதைப் பார்த்துத்தான் மணி சொல்கின்றன. அதைக் கேள் என்பார். அதன் ஆசியக் கோப்பில் கொழும்பு வலயத்துக்கு மேலே, புலிகள் நேர மாற்றத்தை ஏற்கவில்லை என்ற ரொய்ட்டர்ஸ் செய்தி குறிப்பாக ஒட்டப்பட்டிருக்கிறது. புதுப் பெடியளுக்கு அதைத் திரையில் காட்டும்போது அண்ணையின் முகத்தைப் பார்க்கவேண்டும், தன் சாதனையாளர் பட்டத்தைக் காட்டுகிறவர் போல. ஆனால் அது குறிப்பு மட்டும். வாசிக்கிற மனிசனுக்கு, இயந்திரம் அதைத் தாண்டிப் போய்விடும். வன்னிக்கென்று தனி வலயம் அதில் இல்லை.

இது எவ்வளவு பெரிய ஓட்டை என்பதைப் பக்கத்து வீட்டு மாமிதான் கண்டுபிடித்தார்.

மாமியின் மகள் பிறந்தது 1999 மே 10, சித்திரை முடியச் சில நாள் இருக்க. காலை 6.20 என்று தகப்பன் கைமணிக்கூட்டைப் பார்த்துக் கொப்பியில் எழுதிவைத்தார். ஊர்ச் சாத்திரியார் பஞ்சாங்கத்தைப் புரட்டி இடப லக்கினம் என்று கணித்தார். இப்போது மாப்பிள்ளை வீட்டார் கொம்பியூட்டர் சாதகம் கேட்க, ரவுணில் அடித்து வாங்கிய தாளில் மேட லக்கினம். பொருத்தம் குழம்பியது. கொம்பியூட்டர் பிழைவிடாதாம், ஆகவே செத்துப்போன சாத்திரியாருக்குக் குடிகாரப் பட்டம்.

அண்ணை தாளை வாங்கினார். சாதகத்தில் அவருக்கு நம்பிக்கை இல்லை. பிழையில் உண்டு.

“மாமி, பிள்ளை பிறக்கேக்கை வெயில் வந்திட்டுதோ?”

“பனை வட்டிலை நல்லா விழுந்திட்டுது. அவர் வெளியிலை நிண்டவர்.”

தாளின் கணக்கோ, பிள்ளை சூரியன் கிளம்பமுன் பிறந்ததாகச் சொன்னது. 1999 இல் கொழும்பு நேரம் கிரீனிச்சுக்கு ஆறு மணி முன்னே. மென்பொருள் அந்த ஆறைக் கழித்திருக்கிறது. தகப்பனின் மணிக்கூட்டில் இருந்ததோ வன்னியின் ஐந்தரை. அரை மணி பிசகு. லக்கினம் ஏறக்குறைய இரண்டு மணிக்கு ஒருமுறை மாறும். பிள்ளை பிறந்தது அந்த எல்லையில். தரவுத்தளத்தில் பிழை இல்லை, மென்பொருளில் பிழை இல்லை, கொப்பியிலும் இல்லை. மூன்று சரிகள் சேர்ந்து ஒரு பிழை.

அண்ணை கொஞ்ச நேரம் மாமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இருபது வருடக் கட்டளையை மீறி, வலயம் என்ற இடத்தில் கையால் 5.30 என்று அடித்தார். இடபம் வந்தது. சாத்திரியாரின் கணிப்பும் திரையும் ஒன்றாயின.

“மனிசன் கையாலை போட்ட கணக்கு, மாமி. ஒரு பிசகில்லை,” என்றார். கனூத்தைப் பற்றிப் பேசும்போது வருகிற அதே குரல்.

“அப்ப பொருத்தம் வருமோ?”

“அது எனக்குத் தெரியாது. நேரம் சரி.”

மாமிக்கு அது போதும். ஒரு கட்டு முருங்கைக்காயும், பழுதான பிரிண்டர் ஒன்றும் பின்னேரம் வந்து சேர்ந்தன.

அடுத்தமுறை அண்ணை ஊருக்கு வந்தபோது படலையடியில் நாலு பெண்கள் கொப்பிகளோடு நின்றார்கள். பல்லும் தீட்டாமல், பையை நெஞ்சிலிருந்து கழற்றாமல், முதல் கொப்பியை வாங்கி விரித்து அவர் கேட்டார்: “இது பழைய நேரத்துப் பிள்ளையோ, புது நேரத்துப் பிள்ளையோ?”