பின் அச்சு எண்ணெய் இயல்

திருமலை மலைப்பாதையில் ஒரு கார் 180 பாகை திரும்பி முடித்தால், அதன் வெளிப்பக்கப் பின்சக்கரம் உள்பக்கச் சக்கரத்தைவிட ஏறத்தாழ 4 மீட்டர் கூடுதலாக ஓடியிருக்கும். வளைவு குறுகலாக இருந்தாலும் அகலமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. இரண்டு பின்சக்கரங்களுக்கும் நடுவே உள்ள தூரத்தைப் 'பை'யால் பெருக்கினால் வரும் விடை அது. 1961இல் வெளிவந்த ஜாக்குவார் இ-டைப்பில் அந்தத் தூரம் 50 அங்குலம், அதாவது 1.27 மீட்டர். பெருக்கிப் பாருங்கள்.

1944இல் திறந்த முதல் மலைப்பாதை இப்போது இறங்குவதற்கு, பின்னால் போட்ட இரண்டாவது பாதை ஏறுவதற்கு. இரண்டிலும் வளைவுக்கு வளைவு இந்த வித்தியாசம் சேர்ந்துகொண்டே போகும். இதை வாங்கிக்கொள்வதற்கென்று பின் அச்சின் நடுவில் ஒரு பல்சக்கரக் கூடு இருக்கிறது. அதுதான் டிஃபரன்ஷியல். பிரான்சு நாட்டு ஒனேசிஃபோர் பெக்கர் 1827இல், நீராவி வண்டி ஒன்றுக்காக, இதற்குக் காப்புரிமை வாங்கினார். நம் மெக்கானிக்குகள் சொல்லும் கிரவுன், பினியன், ஸ்டார் பினியன் எல்லாம் அந்தக் கூட்டின் உள்ளே உள்ளவை.

சாதாரண டிஃபரன்ஷியலுக்கு ஒரு பலவீனம் உண்டு. இரண்டு சக்கரங்களுக்கும் அது ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் கொடுக்கும். ஒரு சக்கரம் சேற்றில் நின்று சுழன்றால் அதற்கு வேண்டிய விசை மிகக் குறைவு. கெட்டித் தரையில் நிற்கும் மற்ற சக்கரத்துக்கும் அவ்வளவுதான் கிடைக்கும். வண்டி நகராது. சித்தூர்ப் பக்கத்து டிராக்டர் ஓட்டுநர்கள் எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை. ஒரு சக்கரம் சேற்றில் இறங்கிச் சுற்றினால் டிஃப் லாக் மிதியை அழுத்துவார்கள். இரண்டு சக்கரமும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு வண்டியை வெளியே இழுக்கும். திரும்புவதற்கு முன் காலை எடுத்துவிடுவார்கள், எடுக்காவிட்டால் டயரும் பல்லும் தேயும் என்று தெரியும்.

டிராக்டர்காரர் காலால் செய்வதை, பாதி அளவுக்கு, தானாகவே செய்வதுதான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். 1930களில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் பின்சக்கரங்கள் அதிவேகத்திலும் வீணாகச் சுழன்றன. அதைத் தடுக்க அவற்றின் வடிவமைப்பாளர் ஃபெர்டினாண்ட் போர்ஷே கேட்டு, ஜெர்மனியின் இசட்.எஃப் நிறுவனம் ஒரு வகையைச் செய்தது. 1956இல் அமெரிக்காவின் பேக்கார்ட் சாலைக் கார்களிலும் இது வந்தது. இ-டைப் 3.8 லிட்டர் காரில் இருப்பது பவர்-லாக் என்ற சால்ஸ்பரி வகை. இதில் ஸ்டார் பினியன்களுக்கு இருபுறமும் வெற்றிலைக் கவுளி போல மெல்லிய எஃகுத் தகடுகள் அடுக்கியிருக்கும். ஒரு தகடு கூட்டோடு சுற்றும், அடுத்தது அச்சோடு சுற்றும், இப்படி மாறி மாறி. எஞ்சின் விசை ஏற ஏற, சாய்ந்த வெட்டுகளில் உட்கார்ந்திருக்கும் பினியன் தண்டுகள் மேலேறித் தகடுகளை நெருக்கும். நெருங்கிய தகடுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு, சுழலும் சக்கரத்தின் வேகத்தில் ஒரு பங்கைத் தடுத்து, பிடிப்புள்ள சக்கரத்துக்கு விசையைத் தள்ளும்.

இத்தனை தகடுகளும் எண்ணெயில் மூழ்கிக் கிடக்கின்றன. எண்ணெய் மாற்றுவதைச் சில்லறை வேலை என்று நினைப்பவர்களோடு நான் இந்த இடத்தில்தான் வேறுபடுகிறேன்.

எஞ்சினில் எண்ணெயின் முதன்மையான வேலை உரசலைக் குறைப்பது. இந்தக் கூட்டில் அதற்கு எதிரெதிரான இரண்டு வேலைகள். கிரவுன், பினியன் பற்கள் ஹைபாய்டு வகை. 1920களின் நடுவில் பேக்கார்ட் கொண்டுவந்த அமைப்பு அது. பினியன், கிரவுனின் மையத்துக்குக் கீழே தள்ளி உட்கார்ந்திருப்பதால் பற்கள் உருள்வதோடு வழுக்கித் தேய்த்துக்கொண்டும் போகும். அந்த அழுத்தத்தில் வெறும் எண்ணெய்ப் படலம் கிழிந்துவிடும். அதனால் கந்தகமும் பாஸ்பரஸும் சேர்ந்த மருந்துகளைக் கலக்கிறார்கள். பல்லின் மேல் சூடேறும் இடத்தில் அவை உலோகத்தோடு வினைபுரிந்து மெல்லிய பூச்சாகப் படியும். கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறும் அந்த நாற்றம் இந்தக் கந்தகத்துடையது. ஜி.எல்-5 என்று டப்பாவில் போட்டிருந்தால் இந்த மருந்து நிறைய இருக்கிறது என்று பொருள். அதே டப்பாவில் மிச்சமிருப்பதைப் பழைய கியர்பாக்ஸில் ஊற்றக் கூடாது. அங்கே உள்ள பித்தளை, வெண்கல வளையங்களை அது அரிக்கக்கூடும்.

பற்களுக்கு வேண்டியது இது. தகடுகளுக்கு வேண்டியது வேறு. அவை பிடிக்கவும் வேண்டும், பிடிக்கும்போது விட்டு விட்டுப் பிடிக்காமல் சீராக நழுவவும் வேண்டும். நின்றிருக்கும்போது உள்ள உரசல், நழுவும்போது உள்ள உரசலைவிட அதிகமாக இருந்தால் தகடுகள் ஒட்டும், விடும், ஒட்டும், விடும். கார் நிறுத்துமிடத்தில் மெதுவாகத் திரும்பும்போது பின்பக்கத்திலிருந்து முனகலும் உதறலும் வரும். பல் போய்விட்டது என்று பயந்து கூட்டையே பிரித்தவர்கள் உண்டு. பல நேரங்களில் பல்லில் குற்றமே இருக்காது, எண்ணெயில் உரசல் மாற்றி என்ற மருந்து இல்லை என்பதுதான் குற்றம். இந்த மருந்து நிலை உரசலைத் தணிக்கிறது. ஒரு காலத்தில் தானியங்கி கியர்பெட்டி எண்ணெயில் இதே வேலையை ஸ்பெர்ம் திமிங்கில எண்ணெய் செய்தது. 1970களில் அமெரிக்கா அதைத் தடைசெய்த பிறகே வேதியியலாளர்கள் மாற்றுப் பொருள்களைத் தேட வேண்டி வந்தது.

உரசல் மாற்றியைக் கூடுதலாக ஊற்றுவதும் கேடுதான். தகடுகள் பிடிக்கவே மாட்டா, விலையுயர்ந்த அமைப்பு சாதாரண டிஃபரன்ஷியலாகிவிடும். அதனால் முதலில் காரின் கையேட்டுப் புத்தகத்தையும் எண்ணெய் டப்பாவையும் படியுங்கள். 'எல்.எஸ்' (லிமிடெட் ஸ்லிப்) என்று குறித்த எண்ணெயில் உரசல் மாற்றி ஏற்கெனவே கலந்திருக்கும். மேலும் ஊற்றத் தேவையில்லை. சாதாரண ஜி.எல்-5 வாங்கினால் மருந்தைத் தனியாக, சொன்ன அளவு மட்டும் சேர்க்க வேண்டும்.

கடையில் கேட்டால் '90ஆ, 140ஆ?' என்றுதான் கேட்பார்கள். லாரியும் டிராக்டரும் ஓடும் ஊரில் அது நியாயமான கேள்வி. இந்த எண்கள் குழம்புத்தன்மையை மட்டுமே சொல்கின்றன, உரசல் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கியர் ஆயிலின் 90 என்பது எஞ்சின் ஆயிலின் 40, 50 அளவு கெட்டிதான், அளவுகோல் வேறு. வெயிலுக்குப் பயந்து 140 ஊற்றினால் கூடு இறைக்கும் எண்ணெய் தகடுகளின் நடுவே போய்ச் சேரத் தாமதமாகும். புத்தகம் 90 என்றால் 90. எண்ணெயில் மூழ்கிய பிரேக் உள்ள டிராக்டருக்கு அதற்கென்று சொன்ன எண்ணெயையே ஊற்றுகிறார்கள் இல்லையா? வேறு ஊற்றினால் பிரேக் முனகும். காரணம் இதே உரசல்தான். ஆகவே சித்தூரில் கடைக்காரரிடம் இதை விளக்குவதற்கு டிராக்டரின் பிரேக்கிலிருந்து தொடங்குவது நல்ல வழி.

இனி வேலை. காரைக் கால் மணி நேரம் ஓட்டிச் சூடாக்குங்கள். சூட்டில் இளகிய எண்ணெய் அடியில் படிந்த தூளையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். சமதரையில் நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கியர் போட்டு எஞ்சினை ஓடவிடவே கூடாது. சாதாரண காரில் தூக்கிய சக்கரம் சும்மா சுற்றும். லிமிடெட் ஸ்லிப் உள்ள காரிலோ தரையிலுள்ள சக்கரமும் இழுக்கும், கார் ஜாக்கியை விட்டு இறங்கி ஓடும்.

நிரப்பும் பிளக்கை முதலில் கழற்றுங்கள், வடிகால் பிளக்கை அப்புறம். அறுபது வருடத் துருவில் நிரப்பும் பிளக் அசையாமல் போய்விட்டால், உள்ளே இருந்த எண்ணெயையும் வடித்துவிட்டு, காரை நகர்த்த முடியாமல் நிற்க நேரும். இந்த ஒரு வரியை மட்டுமாவது பட்டறைச் சுவரில் எழுதிவைக்கலாம்.

வடிகால் பிளக்கின் முனையில் காந்தம் இருந்தால் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சாம்பல் நிறக் களிம்பு மெல்லியதாக ஒட்டியிருந்தால் அது வழக்கமான தேய்மானம். விரலில் தேய்த்தால் வழவழப்பாக இருக்கும், துகள் தட்டுப்படாது. நகக்கண்ணில் குத்தும் சில்லுகள் இருந்தால் பல்லோ தகடோ உடைகிறது. எண்ணெய் ஊற்றுவதை நிறுத்திக் கூட்டைத் திறக்க வேண்டியதுதான். எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. 2021 நவம்பர் வெள்ளத்தில் திருப்பதித் தெருக்களில் தண்ணீர் ஏறியதை நினைத்துக்கொள்ளுங்கள். சூடான அச்சு திடீரெனக் குளிரும்போது உள்ளே காற்று சுருங்கி, மூச்சுத் துளை வழியாகவும் சீல் வழியாகவும் வெளித் தண்ணீரை உறிஞ்சிவிடும். வெள்ளத்தில் நின்ற எந்தக் காருக்கும், அது இருபது வயது ஜீப்பாக இருந்தாலும், இந்தச் சோதனை பொருந்தும்.

இ-டைப்புக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. அதன் பின் பிரேக் தட்டுகள் சக்கரத்தில் இல்லை, டிஃபரன்ஷியலை ஒட்டியே இருபுறமும் இருக்கின்றன. நீண்ட இறக்கத்தில் பிரேக்கின் சூடு சீல்களை வாட்டும். வாடிய சீல் எண்ணெயை விடும், எண்ணெய் பிரேக் தட்டில் விழும். எந்த மலையிலானாலும் இறக்கத்தில் எஞ்சினைக் கீழ் கியரில் வைத்து வேகத்தைக் கட்ட வேண்டும் என்பதற்கு இந்தக் காரில் பிரேக், சீல் என்று இரண்டு காரணங்கள் இருக்கின்றன.

புதிய வாஷர் போட்டு வடிகாலை மூடுங்கள். நிரப்பும் துளையின் விளிம்பில் எண்ணெய் கசியும்வரை ஊற்றுங்கள். இ-டைப்புக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் பிடிக்கும். பிறகு ஒரு காலி மைதானத்தில் மெதுவாக எட்டு எண் வடிவத்தில், இருபுறமும் பல முறை சுற்றுங்கள். புது எண்ணெய் தகடுகளின் இடுக்குக்குள் போவது இப்படித் திரும்பும்போதுதான், நேராக ஓட்டினால் போகாது. மைதானத்துக்குக் காரை எடுக்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 50 ஆண்டு கடந்த கார்களுக்கு 2021இல் வந்த விதிப்படி 'விஏ' எழுத்துகளோடு பதிவு வாங்கியவர்கள் அவற்றை அன்றாடத் தேவைக்கு ஓட்ட முடியாது. பராமரிப்புக்காக எடுத்துச் செல்ல அனுமதி உண்டு.

வடித்த பழைய எண்ணெயைத் தொழுவத்து மரத்தில் பூசுவதும், சாக்கடையில் கொட்டுவதும் நம் பக்கத்துப் பழக்கம். சொர்ணமுகிக் கரையில் வாழ்பவர்கள் அதைச் செய்யாதீர்கள். மூடியுள்ள கேனில் சேர்த்து, பழைய எண்ணெயைச் சுத்திகரிக்க உரிமம் பெற்றவர்களிடம் கொடுங்கள். பிறகு எந்த எண்ணெய், எத்தனை மில்லி மருந்து, எந்தத் தேதி என்று மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி, காரின் பத்திரங்களோடு வையுங்கள். உங்களுக்குப் பின் அந்தக் காரைப் பார்த்துக்கொள்ளப்போகிறவருக்கு அது வேண்டியிருக்கும்.