குறுக்கே ஓடும் கலை: சாஃப்ட்பால் ரன்னருக்குச் சில யோசனைகள்

திருவனந்தபுரத்தில் சாஃப்ட்பால் ஆட வந்திருக்கிறீர்கள். பந்தை அடிக்கத் தெரியாதா, பரவாயில்லை. எறியத் தெரியாதா, அதுவும் பரவாயில்லை. எதிரணி ஆள் மேல் போய் மோதத் தெரிந்தால் போதும். மோதியது தற்செயல் என்று அம்பயரை நம்பவைக்கவும் தெரிந்தால் உங்களை அசைக்க முடியாது. காரியவட்டத்தில் உடற்கல்விக்கென்றே ஒரு தேசியக் கல்லூரி 1985 முதல் நடக்கிறது. அங்கே இந்தப் பாடத்தைச் சொல்லித்தர மாட்டார்கள். ஆகவே இங்கே படித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் இரண்டாம் பேஸில் நிற்கிறீர்கள். மூன்றாம் பேஸ் அறுபது அடி தூரம். உங்கள் அணிக்காரர் அடித்த பந்து தரையோடு உருண்டு வர, ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்பவர்) சரியாக உங்கள் வழியில் குனிந்து அதை எடுக்கப் போகிறார். விவரமில்லாத ரன்னர் அவருக்குப் பின்பக்கமாகச் சுற்றிக்கொண்டு ஓடுவார். நீங்கள் நேராக ஓடுங்கள். மோதுங்கள். விழுந்து எழுந்து, "சாரே, நான் என் பாதையிலதான் வந்தேன், அவர்தான் குறுக்க நின்னாரு" என்று முறையிடுங்கள்.

அம்பயர் இரண்டு கைகளையும் தூக்கி 'டெட் பால்' என்பார். நீங்கள் அவுட். அடித்த பந்தை எடுக்க நிற்பவருக்கே வழி சொந்தம். விலகிப் போக வேண்டியது ரன்னர். வேண்டுமென்று மோதினீர்களா, தெரியாமல் மோதினீர்களா என்று இந்த இடத்தில் யாரும் கேட்பதில்லை. மற்ற ரன்னர்கள் கடைசியாகத் தொட்ட பேஸுக்குத் திரும்ப வேண்டும். இரட்டை அவுட்டைக் கெடுக்கத்தான் மோதினீர்கள் என்று அம்பயருக்குப் பட்டால், உங்களோடு சேர்த்து உங்கள் அணியில் இன்னொருவரும் வெளியே போவார். ஒரே மோதலில் சொந்த அணியின் இரண்டு பேரைக் காலி செய்யும் வாய்ப்பு வேறெந்த ஆட்டத்தில் கிடைக்கும்?

பாதையைவிட்டு மூன்றடிக்கு மேல் விலகினால் அவுட் கொடுத்துவிடுவார்களே என்று சிலர் பயப்படுவதுண்டு. டேக் செய்ய, அதாவது பந்தோடு தொட்டு அவுட்டாக்க, வருபவரிடமிருந்து நழுவும்போதுதான் அந்த விதி. பந்தை எடுப்பவருக்கு வழிவிட எவ்வளவு விலகினாலும் குற்றமில்லை. தயவுசெய்து இதை உடனே மறந்துவிடுங்கள். தெரிந்தால் மோத மனம் வராது.

யாருக்கு யார் வழிவிடுவது என்ற விஷயத்தில் இந்த ஊருக்குப் பழக்கம் அதிகம். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி ஆராட்டுக்காகச் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும்போது ஊர்வலம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் போகிறது. சில மணி நேரம் விமானங்கள் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. எந்த விமானியும் 'நான் என் பாதையில்தான் வந்தேன்' என்று வாதாடியதாகக் கேள்வி இல்லை.

எறியப்பட்ட பந்து என்றால் கதையே வேறு; உங்கள் நடிப்புத் திறமைக்கு இங்கேதான் மேடை. எறிந்த பந்து தானாக வந்து உங்கள்மேல் பட்டால் பொதுவாக அவுட் கிடையாது. நீங்கள் வேண்டுமென்று அதன் வழியில் புகுந்தால்தான் அவுட். உங்கள் மனசுக்குள் என்ன இருந்தது என்று அம்பயர் கண்டுபிடித்தாக வேண்டும், பாவம். பேஸ்பாலில் இதற்கு முன்னோடிகள் உண்டு. 1978 உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தில் முதல் பேஸுக்குப் போன பந்து யாங்கீஸ் அணியின் ரெஜி ஜாக்சனின் இடுப்பில் பட்டுத் தெறித்தது. இடுப்பு தானாக அங்கே இருந்ததா, அவர் கொண்டுபோய் வைத்தாரா என்று இன்றும் சண்டை ஓயவில்லை. அம்பயர்கள் குறுக்கீடு இல்லை என்றார்கள். ஒரு ரன் வந்தது, அந்த ஆட்டத்தை யாங்கீஸ் 4-3 என்று ஜெயித்தது. அதே அணியின் அலெக்ஸ் ரோட்ரிகஸ் 2004இல் தன்னை டேக் செய்யவந்த பந்துவீச்சாளரின் கையைப் பட்டென்று தட்டிவிட்டார். பந்து உருண்டோடியது. அம்பயர்கள் கூடிப் பேசி அவரை அவுட்டாக்கினார்கள். ரன் எடுத்து முடித்திருந்த டெரெக் ஜீட்டரையும் முதல் பேஸுக்குத் திருப்பி அனுப்பினார்கள். ஆகவே கையைப் பயன்படுத்தாதீர்கள். இடுப்பு உத்தமம்.

கிரிக்கெட்காரர்களிடமும் கற்கலாம். மொஹிந்தர் அமர்நாத் 1986இல் மெல்போர்னில் பந்தைக் கையால் தள்ளி அவுட். 1989இல் அகமதாபாதில் காலால் உதைத்து அவுட். இவ்வளவு விடாமுயற்சி எல்லோருக்கும் வாய்க்காது. 2024 மே 12 அன்று சேப்பாக்கத்தில் சென்னை-ராஜஸ்தான் ஐபிஎல் ஆட்டத்தில் நடந்தது இன்னும் நுட்பம். இரண்டாவது ரன்னுக்கு ஓடிவந்த சென்னையின் ஜடேஜாவை, கூட ஆடிய ருதுராஜ் திருப்பி அனுப்பினார். விக்கெட் கீப்பர் எறிந்த பந்து, திரும்பி ஓடிய ஜடேஜாவின் மேல் பட்டது. மூன்றாம் நடுவர் அவுட் என்றார். எறிந்தவர் விழிஞ்ஞம் பக்கத்துப் புல்லுவிளைக்காரரான சஞ்சு சாம்சன். ஓடும் திசையைத் தக்க காரணமில்லாமல் மாற்றி, ரன் அவுட்டுக்கு இடைஞ்சல் செய்ததாக நடுவர் நினைத்தால் அப்பீலின் பேரில் அவுட் கொடுக்கலாம். பந்து ஸ்டம்பில் பட்டிருக்குமா என்பது கணக்கிலேயே இல்லை. அடுத்த ஆண்டு நவம்பரில் சாம்சன் சென்னைக்கும் ஜடேஜா ராஜஸ்தானுக்கும் மாறிக்கொண்டது வேறு விஷயம்.

கவனித்தீர்களா, எல்லா இடத்திலும் 'நடுவர் நினைத்தால்'. இனி அந்த நினைப்போடு மல்லுக்கட்டும் முறை. விதியைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று சாஃப்ட்பாலில் முறைப்படி புகார் தரலாம். தவறாகக் கணித்தார் என்று தர முடியாது. ஆகவே அம்பயரை எப்படியாவது பேசவையுங்கள். "காரணம் சொல்லுங்க சார்" என்று பணிவாகக் கேளுங்கள். உருண்டு வந்த பந்தை எடுத்தவர்மேல் மோதியதற்கு, "வேணும்னு இடிக்கலையே, அதனால அவுட் இல்ல" என்று அவர் வாய்விட்டுவிட்டால் அது விதிப் பிழை. ஆனால் அப்போது புகார் தரும் உரிமை எதிரணிப் பயிற்சியாளருக்குப் போய்விடும், ஜாக்கிரதை. "நான் பார்த்தேன், இடைஞ்சல்" என்பதோடு நிறுத்திக்கொள்கிற அம்பயரிடம் உங்கள் வித்தை எதுவும் பலிக்காது. என் கணிப்பில், விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தவரைவிட வாயைக் கட்டியவரே பெரிய அம்பயர்.

கையில் பந்தும் இல்லாமல், அடித்த பந்தை எடுக்கவும் முயலாமல் ஒரு ஃபீல்டர் உங்களை மறித்தால் அது அவர் குற்றம். அம்பயர் இடது கையைப் பக்கவாட்டில் நீட்டுவார், ஆட்டம் நிற்காது. சாமானியர்கள் தொடர்ந்து ஓடுவார்கள். மறிக்காமலிருந்தால் எந்த பேஸ் கிடைத்திருக்குமோ அது அவர்களுக்குக் கிடைக்கும். நீங்கள் அங்கேயே நின்று இடுப்பில் கைவைத்துக் குறைசொல்லுங்கள்.

கடைசியில் எப்படியும் அவுட்டாகியிருப்பீர்கள். வெளியே வரும்போது சுருக்குவழியாக மைதானத்தின் நடுவே தலைகுனிந்து நடந்து வாருங்கள். அவுட்டானவர், இன்னொரு ரன்னரைப் பிடிக்க நடக்கும் முயற்சிக்கு இடைஞ்சல் செய்தால், ஹோம் பிளேட்டுக்கு மிக அருகில் இருக்கும் ரன்னரும் அவுட்.