இதர 385.00

ஹட்டனில் ஒரு சனல் நிலையத்தில் நேற்று மாலை வாங்கிய பற்றுச்சீட்டு என் முன்னால் கிடக்கிறது. இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி இன்னும் விடவில்லை, திரும்பவும் அங்கேதான் போகவேண்டி வரும். டொக்டர் கட்டணம் 2,500. ஹொஸ்பிட்டல் கட்டணம் 650. மருந்து 3,140. இதர 385. மொத்தம் 6,675 ரூபாய். கூட்டல் சரி. தோட்ட ஆபீசில் கிளாக்கராக இருந்து ஓய்ந்தவனுக்குக் கூட்டல் சரியாக இருந்தாலே பாதி நிம்மதி. மீதிப் பாதியை அந்த நான்காவது வரி தின்றுவிட்டது.

மருத்துவ பில்லைப் பற்றி மூன்று விஷயம் சொல்லலாமென்றுதான் பேனாவை எடுத்தேன்.

முதலாவது லேசானது. நாம் கவுன்டரில் கட்டுகிற காசெல்லாம் அந்த நிலையத்தின் வருமானம் இல்லை. அந்த 2,500 டொக்டருடையது. அவர் வந்து நாடியைப் பிடிக்கும்வரை அது அவருடையதும் இல்லை. நமக்குத் திருப்பித் தரவேண்டிய கடன். காசேட்டில் ஒரு பக்கம் வரவாக ஏறினால், கொடுக்க வேண்டியவர்கள் கணக்கிலும் அதே தொகை ஏறவேண்டும். 1494-ல் வெனிஸ் நகரத்தில் லூக்கா பச்சோலி என்ற துறவி இரட்டைப்பதிவை அச்சுப் புத்தகத்தில் விளக்கிவிட்டுப் போனார். இன்றைக்கும் அதுதான் முறை. கொழும்பிலிருந்து வருகிற டொக்டர் கினிகத்தேனையில் மண் சரிந்ததால் வரவில்லையென்றால் காசு திரும்பி வரவேண்டும். வரும். ஹொஸ்பிட்டல் கட்டணத்தைப் பிடித்துக்கொண்டு வரும். வராத டொக்டருக்காக நாம் கதிரையில் உட்கார்ந்திருந்த வாடகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது விஷயம் இந்த 'இதர'.

பில் போடுகிற பிள்ளையிடம் கேட்டேன். "அது சிஸ்டத்துல வர்றது அங்கிள்" என்றாள். சிஸ்டம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். கொழும்பில் என்றாள். பின்னால் நின்ற பதினேழாம் நம்பர் தொண்டையைச் செருமினார். நகர்ந்து உட்கார்ந்து, பில்லின் முதுகிலேயே கணக்குப் போட்டேன்.

வற் வரியாக இருக்குமோ? 2024 ஜனவரியிலிருந்து வற் 18 வீதம். 650-க்கு 18 வீதம் 117. இல்லை. மருந்துக்குப் போட்டால் 565 ரூபாய் 20 சதம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் 682 ரூபாய் 20 சதம். டொக்டர் தலையில் போட்டால் 450. சரி, பின்பக்கமாக வருவோம் என்று 385 எதனுடைய 18 வீதம் என்று பார்த்தேன். 2,138 ரூபாய் 89 சதம். அப்படியொரு தொகை அந்தக் கட்டடத்தில் எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

வரி இல்லையென்றால் பொருள். கட்டில் விரிப்பாக இருக்க முடியாது, வீட்டுக்காரி கட்டிலில் ஏறவில்லை. கையுறையும் இல்லை, டொக்டர் முழங்காலைத் தொடவேயில்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்தார். பஞ்சு, பிளாஸ்டர், ஊசி ஒன்றும் இல்லை. குடிதண்ணீர்ப் போத்தல் கவிழ்ந்து கிடந்தது. டீவியில் சத்தமில்லாமல் ஒரு சிங்கள நாடகம் ஓடியது; சத்தமில்லாத நாடகத்துக்குக் காசு கேட்க மாட்டார்கள். அப்போதுதான் மீன் தொட்டி கண்ணில் பட்டது.

வரவேற்பறை மூலையில் ஆளுயரத் தொட்டி. பச்சை விளக்கு, பிளாஸ்டிக் பாசி, அடியில் ஒரு குட்டி அரண்மனை. உள்ளே உள்ளங்கை அகலத்தில் ஒரேயொரு கறுப்பு மீன். கண்ணாடியில் மூக்கை வைத்து வாயைத் திறந்து திறந்து மூடியது, யாருடைய நம்பரையோ கூப்பிடுவதுபோல. இவருக்குத்தான் போகிறது என்று எனக்குப் பட்டது. ஒரு மாலைக்கு நாற்பது நோயாளி என்று வைத்தால் 385 படி 15,400 ரூபாய். மாதத்தில் இருபது மாலை டொக்டர்மார் வந்தால் மூன்று இலட்சத்து எட்டாயிரம். இவ்வளவு காசுக்கு ஒரு மீன் என்னதான் சாப்பிடும்? சாப்பாடாக இருக்காது, சம்பளமாகத்தான் இருக்கும். சம்பளமென்றால் சேமலாப நிதி உண்டு: மீன் 8 வீதம், முதலாளி 12 வீதம், நம்பிக்கை நிதிக்கு முதலாளி இன்னும் 3 வீதம். மீனுக்குச் சங்கச் சந்தா பிடிக்கிறார்களா? எந்தச் சங்கம்? தேர்தல் வந்தால் தொட்டிக்கு மாலை போட யார் வருவார்? லயத்துச் சனம் ஏழு பேர்ச்சஸ் காணிக்கு எத்தனை காலமாக அலைகிறது. இந்த மீனுக்குத் தனிவீடு, அதுவும் மின்சாரத்தோடு. இதைச் சொன்னதும் வீட்டுக்காரி, "மெதுவா பேசுங்க, டொக்டர் கேட்டா மருந்த மாத்தி எழுதிடுவாரு" என்றாள்.

பக்கத்தில் நரைத்த கொண்டையோடு ஒரு அம்மா. எங்கள் பழைய டிவிசனில் கொழுந்து எடுத்தவர், என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நம்ம சம்பளத் துண்டுலயும் இதரன்னு ஒன்னு வருமேங்கய்யா. அது மாதிரிதானுங்களே இது?" என்றார். அது வேறு கணக்கு என்றேன். "ஆமாங்கய்யா, வேற கணக்குதான்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. முற்பணம், சந்தா, கோயில் காசு, தேயிலைத்தூள் என்று வரி வரியாகப் பிரித்து எழுதிய துண்டுகள் அவை. கடைசியில் ஒரு வரி வரும்தான். அது வேறு கணக்கு.

அந்த அம்மாவைப் பார்த்துத்தான் எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. கொழுந்து மடுவத்தில் தராசுக்கு முன்னால் நின்று, ஈரத்துக்கு ஒரு கிலோ, சாக்குக்கு ஒரு கிலோ என்று கழித்தால் கணக்கப்பிள்ளையின் ஏழு தலைமுறையையும் இழுத்துப் பேசக்கூடியவர். கிலோ குறைந்து அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், போட்டால் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவார். அவரே இங்கே கவுன்டரில் "எவ்வளவுங்க?" என்று மட்டும் கேட்டு, நோட்டை எண்ணிக் கொடுத்து, பில்லை நான்காக மடித்து மணிபர்சுக்குள் வைத்துவிட்டார். 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் போட்ட நாட்சம்பளம் 1,350. அந்தக் கணக்கில் என் பில் ஐந்து நாள் பேருக்குக் கிட்ட வருகிறது. டொக்டர் எங்களோடு இருந்ததோ தேத்தண்ணீர் ஆறுகிற நேரம்கூட இல்லை. அவருக்கு யார் அரைப்பேர் போடுவது?

காகிதத்துக்கு முன்னால் நம் சனம் வாய் திறக்காததற்குப் பழைய காரணம் இருக்கிறது. பாட்டன்மாரின் கடனைத் 'துண்டு' என்ற சீட்டில் எழுதித் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றினார்கள். துண்டில் உள்ள கடனைக் கட்டுகிறவரே அடுத்த எசமான். 1921-ல் சட்டம் போட்டு அதை ஒழித்தார்கள். சீட்டில் எழுதியிருந்தால் அது கடன்தான் என்ற நினைப்பை எந்தச் சட்டமும் ஒழிக்கவில்லை. இந்தப் பில் வேறு முழுக்க ஆங்கிலத்தில். அந்த நிலையத்தில் தமிழ் என்று நான் கண்டது சுவரில் ஒட்டிய 'வெற்றிலை துப்பாதீர்' மட்டும். அதிலும் ஒற்றெழுத்துப் பிழை.

இலவச ஆஸ்பத்திரிக்குப் போவதுதானே என்று கேட்பீர்கள். நீங்கள் போகிறீர்களா? டிக்கோயா கிளங்கனில் இந்திய உதவியில் கட்டிய ஆதார வைத்தியசாலை இருக்கிறது, 150 கட்டில், 2017 மே மாதம் இந்தியப் பிரதமரே வந்து திறந்துவைத்தார். பில்லே கிடையாது. ஆனால் சும்மா கொடுக்கிற மருந்து நமக்குக் கேட்காது. இது இன்றைய வியாதி இல்லை. 1971-ல் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் வெளிநோயாளருக்கு 25 சதம் அறவிட்டார்கள், 1977-ல் எடுத்துவிட்டார்கள். அந்த இருபத்தைந்து சதம் போனதிலிருந்து மருந்தில் குணமே இல்லை என்று சொன்ன ஒரு கிழவரை எனக்குத் தெரியும். இப்போது டொக்டரின் கெட்டித்தனத்தைப் பில்லின் நீளத்தை வைத்துத்தான் அளக்கிறோம். நாலாயிரத்துக்குள் பில் வந்தால் "இவரு அவ்வளவு பெரிய டொக்டர் இல்ல போல" என்கிறோம். என் வீட்டுக்காரிக்கு இந்த 6,675-இல் ஒரு மனநிறைவு. நேற்று இரவு வலி குறைந்திருக்கிறது என்று வேறு சொன்னாள். மருந்துப் பையை இன்னும் பிரிக்கவில்லை.

2006-ம் ஆண்டின் 21-ம் இலக்கச் சட்டப்படி தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிந்து ஒழுங்குபடுத்தக் கொழும்பில் ஒரு சபை இருக்கிறது. அதற்கு எழுதப்போகிறேன் என்று காலையில் சொன்னேன். "எழுதுங்க. தபால் செலவ இதரவுல போட்டுக்கிடலாம்" என்றாள்.

மூன்றாவது விஷயத்துக்குப் பக்கம் போதவில்லை. அதுதான் முக்கியமானது, இன்னொரு சமயம் பார்ப்போம். அதற்குள் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் கவுன்டர் வைத்திருக்கும் பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த வரியை எடுக்கச் சொல்லவில்லை. 385 ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள். எதற்கென்று மட்டும் தமிழில் எழுதிக் கொடுங்கள். மீனுக்கென்றால் மீனுக்கென்றே எழுதுங்கள்.