வால்வு ஆம்ப்ளிஃபயர்: திடீர் வெடிச்சத்தம் யார் வேலை?

கேள்வி: அரை மணி நேரம் ஒழுங்காகப் பாடிய கிதார் ஆம்ப்ளிஃபயர் திடீரென்று படபடவென வெடிக்கிறது, சற்று நேரத்தில் தானாகவே அடங்கியும் விடுகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் சூடுதான். வால்வு எரிய எரிய சாக்கெட், சால்டர் பற்று, ரெசிஸ்டர் எல்லாமே விரிகின்றன. குளிர்ந்திருக்கும்போது தொட்டுக்கொண்டிருந்த தளர்ந்த பற்று சூட்டில் விலகும். இன்னும் கொஞ்சம் விரிந்தால் மறுபடி தொடும். இடைவிடாத ரீங்காரம் வேறு ரகம். அதைப் பவர் சப்ளை பக்கம் தேட வேண்டும்.

கேள்வி: எங்கே தொடங்குவது?

பதில்: வெளியிலிருந்து. கிதார் வயரை உருவியதும் சத்தம் நின்றால், பழுது வயரிலோ கிதாரிலோதான். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். நிற்கவில்லை என்றால் வால்யூமைத் திருக வேண்டும். சத்தம் கூடிக் குறைந்தால் பழுது வால்யூமுக்கு முன்னால். அசையாமல் இருந்தால் பின்னால். ஒரே திருகில் பாதி வேலை முடிந்தது.

கேள்வி: அதற்கடுத்து?

பதில்: வால்வுகளைக் கழற்றிப் பார்ப்பது. 1963இல் வந்த ஃபெண்டர் ட்வின் ரிவெர்பை எடுத்துக்கொள்ளலாம். ஆறு சிறிய வால்வுகள், நான்கு 6எல்6 பவர் வால்வுகள். உள்ளீட்டுப் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாக, ஒவ்வொரு முறையும் சுவிட்சை அணைத்து, கழற்ற வேண்டும். எதைக் கழற்றியதும் சத்தம் நிற்கிறதோ, அந்தக் கட்டத்தில்தான் பழுது. கண்ணாடி சுடும், துணி அவசியம். ஸ்பீக்கர் இணைப்பை மட்டும் கழற்றவே கூடாது. சுமை இல்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோகலாம்.

கேள்வி: அந்த இடத்தில் புது வால்வு போட்டும் சத்தம் திரும்பி வருகிறதே?

பதில்: பலர் பணத்தை விடும் இடம் இதுதான். வால்வைக் கழற்றும்போது அதன் வழியே ஓடிய மின்னோட்டமும் நின்றுவிடுகிறது. வால்வின் பிளேட்டுக்கு மின்சாரம் தரும் 1 லட்சம் ஓம் ரெசிஸ்டரும் அப்போது ஓய்ந்துவிடும். உண்மையில் வெடித்தது அந்த ரெசிஸ்டராக இருந்தாலும் பழி வால்வின் மேல் விழும். பழைய ஆம்ப்ளிஃபயர்களில் இருப்பவை கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்கள்: கார்பன் தூளைப் பிசினோடு சேர்த்து இறுக்கியவை. துகளுக்குத் துகள் தாவிப் போகும் மின்னோட்டம் இயல்பிலேயே கொஞ்சம் இரைச்சல் போடும். வருடக்கணக்கான சூட்டுக்கும் ஈரப்பதத்துக்கும் பிறகு அந்த இரைச்சல் கரகரப்பாகி, வெடிப்பாகிவிடும். மீட்டரில் ஓம் சரியாகக் காட்டினாலும் நம்பக்கூடாது. மீட்டர் அளப்பது சிறு மின்னழுத்தத்தில், ஆறிய நிலையில். பழுது வெளிப்படுவதோ சூட்டில், நூற்றுக்கணக்கான வோல்ட்டில். அந்த ரெசிஸ்டரை எடுத்துவிட்டு 1 வாட் மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர் போடுவதே தீர்வு. அதற்கு முன் சாக்கெட்டின் துளைகளைச் சுத்தம் செய்து, தளர்ந்த பிடிகளை இறுக்கிப் பார்த்துவிட வேண்டும். அதற்குச் செலவே இல்லை.

கேள்வி: எல்லாச் சிறிய வால்வுகளையும் கழற்றியும் வெடிக்கிறது என்றால்?

பதில்: பழுது பவர் பக்கம். வெடிக்கும்போது வால்வுக்குள்ளோ சாக்கெட்டிலோ பளிச்சென்று பொறி தெரிகிறதா, பிளேட் செந்நிறமாகக் கனல்கிறதா என்று பார்க்க வேண்டும். கனன்றால் உடனே அணைக்க வேண்டும். இரு கட்டங்களை இணைக்கும் கப்ளிங் கெபாசிட்டர் ஒழுகுவதும் இந்தக் கனலுக்குக் காரணமாகலாம்: முந்தைய கட்டத்தின் பிளேட் மின்னழுத்தம் அதன் வழியே கசிந்து, கிரிட்டில் இருக்க வேண்டிய எதிர்மறை வோல்ட்டைக் குறைத்துவிடும். சிறிய வால்வுகளைத் திரும்ப மாட்டி, பவர் வால்வுகளை மட்டும் கழற்றி, நான்கு சாக்கெட்டிலும் கிரிட்டுக்கான 5ஆம் பின்னை அளந்தால் தெரிந்துவிடும். ஒரு பக்க ஜோடியில் எதிர்மறை வோல்ட் குறைந்திருந்தால் அந்தப் பக்கக் கெபாசிட்டரை மாற்ற வேண்டும்.

கேள்வி: பிளக்கை உருவிவிட்டால் உள்ளே கை வைக்கலாம்தானே?

பதில்: கூடாது. ட்வின் ரிவெர்பில் ஏறக்குறைய 460 வோல்ட் ஓடுகிறது. பிளக்கை உருவிய பிறகும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கக்கூடும். அது ஆளையே கொல்லும். சில ஆயிரம் ஓம் மதிப்புள்ள 5 வாட் ரெசிஸ்டரைக் காப்பிட்ட கிளிப்புகளில் மாட்டி மின்னூட்டத்தை வடித்து, மீட்டரில் சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே தொட வேண்டும். ஓடும்போது தட்டிப் பார்த்துத் தளர்ந்த பற்றைத் தேடுவதென்றால் உலர்ந்த மூங்கில் குச்சி மட்டுமே. மற்றொரு கை சட்டைப்பையில் இருக்கட்டும். இதில் பழக்கமில்லாதவர்கள் வயர், வால்யூம், வால்வு ஆகிய மூன்று சோதனைகளோடு நிறுத்தி, கண்டதை மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள். அவருக்கு அது பாதி வேலையை மிச்சப்படுத்தும்.