கவுண்ட்டரில் ஒரு சட்டம், கோர்ட்டில் ஒரு சத்தியம்

2022 ஜனவரி 10 முதல் சென்னை புறநகர் ரயிலில் ஏற வேண்டுமானால் இரண்டு தவணை கொரோனா தடுப்பூசி போட்ட சான்றிதழைக் கவுண்ட்டரில் காட்ட வேண்டும் என்றது தெற்கு ரயில்வே. செல்போனில் டிக்கெட் எடுக்கும் வசதியையும் நிறுத்தி வைத்தது. அதே பொங்கல் வாரத்தில் ஒன்றிய சுகாதார அமைச்சகம் உச்ச நீதிமன்றத்தில் ஒரு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது. யாருக்கும் விருப்பமில்லாமல் ஊசி போடச் சொல்லவில்லை, எந்தக் காரியத்துக்கும் சான்றிதழைக் கையில் வைத்திருப்பது கட்டாயம் என்று இந்திய அரசு எந்த நெறிமுறையும் வெளியிடவில்லை என்று அதில் சத்தியம் செய்திருந்தார்கள்.

அப்படியானால் தெற்கு ரயில்வே என்ன, ஜப்பான்காரன் கம்பெனியா?

சென்னீர்குப்பத்திலிருந்து விடிகாலையில் ஷேர் ஆட்டோ பிடித்து ஆவடி ஸ்டேஷனுக்குப் போகிறவர்கள் யாரென்று டெல்லிக்குத் தெரியாது. பெரம்பூர் பக்கம் வீட்டு வேலைக்குப் போகும் அக்காக்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், ராத்திரி முழுக்க ஏ.டி.எம். வாசலில் உட்கார்ந்திருந்து வீடு திரும்பும் செக்யூரிட்டி தாத்தாக்கள். இவர்கள் யாரும் பிரமாணப் பத்திரம் படிப்பதில்லை. இவர்களுக்கு அரசாங்கம் என்பது கவுண்ட்டர் ஓட்டைக்குள்ளிருந்து வரும் ஒரு குரல்தான்: "சர்டிபிகேட் எங்கம்மா?"

சர்டிபிகேட் போனில் இருக்கிறது. ஆனால் அக்காவிடம் இருப்பது பட்டன் போன். ஓ.டி.பி. வரும். ஆனால் முகாமில் அவசரத்துக்கு யாருடைய நம்பரைக் கொடுத்தார்களோ அந்த நம்பருக்கு வரும். அந்த நம்பர்காரர் திருவண்ணாமலைக்குப் போயிருப்பார். ஆகவே ஜெராக்ஸ் கடை. அங்கே கலர் பிரிண்ட், மேலே லேமினேஷன். அவசரமாகச் செய்த லேமினேஷனில் எங்காவது ஒரு குமிழி நிற்கும். பெரும்பாலும் கீழே, சான்றிதழில் அச்சான பிரதமரின் தாடியருகே. ஊசி இலவசம் என்று அறிவித்தவர்கள், ஊசி போட்டதை நிரூபிக்க ஆகும் செலவை மட்டும் எந்த விளம்பரத்திலும் சொல்லவில்லை.

ரயிலில்தான் இந்தக் கெடுபிடி. ஆவடியிலிருந்து பூந்தமல்லிக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டது சில்லறையை மட்டும்தான். வைரஸுக்குத் தண்டவாளம்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

நான் ஊசியைப் பழிக்கவில்லை. அது உயிர் காத்தது. 2021 மே, ஜூனில் "ஸ்டாக் இல்லை" போர்டைப் பார்த்துவிட்டு ஜனம் திரும்பியதே, அது அந்த ஊசிக்காகத்தான். அப்போது கோவிஷீல்டு டோஸ் ஒன்றுக்கு ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய், மாநிலத்துக்கு 300, தனியார் ஆஸ்பத்திரிக்கு 600 என்று ஒரே மருந்துக்கு மூன்று விலை. செங்கல்பட்டில் சுமார் 600 கோடி ரூபாயில் கட்டிய ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகமோ ஒரு டோஸ்கூடத் தயாரிக்காமல் பூட்டிக் கிடந்தது. அந்த வளாகத்தின் வாசலில் நின்று யாரும் சான்றிதழ் கேட்கவில்லை. அக்காவிடம் மட்டும் கேட்டார்கள்.

சரி, அந்தக் காகிதம் யாருக்காக அச்சானது? ஊசி போட்டுக்கொண்டவருக்கு ஒரு வரியில் பெயர், போட்டவருக்கு இன்னொரு வரியில் பெயர், போடச் சொன்னவருக்கு முழு முகம். 2021 மார்ச்சில் தேர்தல் ஆணையம் தலையிட்ட பிறகுதான் தமிழகம் உள்ளிட்ட தேர்தல் மாநிலங்களில் அந்த முகம் மறைந்தது. மற்றவர்களும் யோக்கியர்கள் இல்லை: சத்தீஸ்கர் தன் முதல்வர் படத்தைப் போட்டது, மேற்கு வங்கம் மம்தா படத்தைப் போட்டது. கேரளத்தில் ஒருவர், "நான் காசு கொடுத்துப் போட்டுக்கொண்ட ஊசிக்கு எதற்கு அவர் படம்?" என்று உயர் நீதிமன்றம் போனார். 2021 டிசம்பரில் மனுவைத் தள்ளிய நீதிபதி, கேட்ட குற்றத்துக்கு ஒரு லட்ச ரூபாய் கட்டச் சொன்னார். மேல்முறையீட்டில் அது 25,000 ஆனது. கேள்விக்கும் தள்ளுபடி விலை உண்டு!

முகத்துக்கு இடம் இருந்தது, மொழிக்குத்தான் இல்லை. 2021 ஜூனில் தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் கோவின் தளத்தில் மாநில மொழிகளைச் சேர்த்தபோது தமிழ் விடுபட்டுப் போயிருந்தது. தமிழ்நாடு சத்தம் போட்ட பிறகே வந்தது.

இத்தனை பிடிவாதமாகச் சேர்த்த விவரங்களையாவது பத்திரமாக வைத்தார்களா? 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு பாட் முளைத்தது. ஒருவரின் செல்போன் எண்ணைத் தட்டினால் போதும். பெயர், பிறந்த தேதி, காட்டிய அடையாள அட்டையின் எண், ஊசி போட்ட இடம் எல்லாம் கொட்டியது. ஓ.டி.பி. கேட்கவில்லை, வரிசை இல்லை, ஜெராக்ஸ் கடைக்கும் போக வேண்டாம். உரியவருக்குக் கிடைக்காத விவரம் ஊரானுக்கு நொடியில் கிடைத்தது. அமைச்சகம் என்ன சொன்னது? அந்தச் செய்திகள் ஆதாரமற்றவை, விஷமத்தனமானவை என்றது. பிறகு பீகாரில் ஒருவரைக் கைது செய்தார்கள். ஆதாரமற்ற குற்றத்துக்கு ஆள் மட்டும் கிடைத்தது எப்படி என்று சொல்லவில்லை.

அந்தக் கட்டாயம் என்ன ஆனது? 2022 மே 2-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், யாரையும் ஊசி போட்டுக்கொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது என்றும், அப்போதைய நிலவரத்தில் ஊசி போடாதவர்களுக்கு மட்டும் மாநிலங்கள் விதித்த தடைகள் அளவு மீறியவை என்றும் தீர்ப்பளித்தது. 2024 மேயில் பார்த்தால் சான்றிதழில் பிரதமரின் படமும் இல்லை. தேர்தல் நடத்தை விதி என்று விளக்கம் சொன்னார்கள். ஆவடியில் டிக்கெட் கிடைக்காமல் அன்றைய கூலியை விட்டவர்களுக்கு மட்டும் எந்த விளக்கமும் வரவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை எந்தச் செய்திக்குறிப்பிலும் இல்லை.

ஆகவே, அக்கா, அடுத்த நோய் வரும்போது எந்தக் கவுண்ட்டரிலாவது சான்றிதழ் கேட்டால், முதலில் நீங்கள் அவர்களிடம் கேளுங்கள்: எந்த உத்தரவு, என்ன எண், என்ன தேதி, யார் கையெழுத்து? தமிழில் ஒரு நகல் தரச் சொல்லுங்கள். படம் வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள்.