இரண்டாவது பிரேக்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்குக் காதல் கைகூடாது. காரணம் அவருடைய முகராசியோ சம்பளமோ அல்ல, அவர் காலடியில் இருக்கும் அந்த இரண்டாவது பிரேக். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989, பயிற்சிக் காரில் சொல்லித்தருபவரும் வண்டியை நிறுத்த வசதியாக இரட்டைக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்கின்றன. உயிர் காக்கும் ஏற்பாடு, குறை சொல்ல முடியாது. ஆனால் ஸ்டியரிங்கை இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் எல் போர்டு ஆசாமிக்கு இதன் அனுபவமே வேறு. ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறார், வண்டி நிற்கிறது. குறுக்கே ஆட்டோ புகுந்ததும் கை கால் விறைத்துப்போகிறார், வண்டி தானாகவே நின்று வழிவிடுகிறது. காருக்குச் சொந்த புத்தி உண்டு என்று அவர் நம்பினால் தப்பில்லை. உண்டுதான், அது இடப்பக்க சீட்டில் உட்கார்ந்து போன் பேசிக்கொண்டிருக்கிறது.

இப்படி அடுத்தவர் ஓட்டத்தை எந்த நொடியும் நிறுத்திவிடக்கூடியவர் காதலில் என்ன ஆவார் என்பதற்கு சினிமாவில் நல்ல சாட்சிகள் இருக்கின்றன. மைக் லீ இயக்கிய 'ஹேப்பி கோ லக்கி' (2008) படத்தில் லண்டன் மாஸ்டர் ஸ்காட், எதற்கெடுத்தாலும் சிரிக்கும் பாப்பியிடம் மனதைப் பறிகொடுக்கிறார். கண்ணாடியைப் பார், விதியைப் பின்பற்று என்று கத்துவதைத் தவிர அதைச் சொல்ல அவருக்கு வேறு வழி தெரியாது. பாப்பிக்கு வேறொருவர் இருப்பது தெரிந்ததும் ஆத்திரத்தில் காரைத் தாறுமாறாக ஓட்டுகிறார். கடைசியில் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வது மாணவி. 'லேர்னிங் டு டிரைவ்' (2014) படத்தில் பென் கிங்ஸ்லி நடித்த தர்வான், நியூயார்க்கில் கார் ஓட்டச் சொல்லித்தரும் சீக்கியர், நிதானமே உருவானவர். அவரிடம் கற்கும் வெண்டிக்கும் அவருக்கும் நடுவில் ஏதோ துளிர்க்கிறது. ஆனாலும் அவர் கைப்பிடிப்பது இந்தியாவிலிருந்து வந்திறங்கும் வேறொரு பெண்ணை. கத்தினாலும் தோல்வி, கத்தாவிட்டாலும் தோல்வி என்றால் பழியை வேறெங்கே போடுவது?

'சொந்த புத்தியுள்ள கார் காதலைச் சேர்த்துவைத்த கதையும் உண்டே' என்று டிஸ்னி ரசிகர்கள் கிளம்புவார்கள். உண்டு. 1968இல் வந்த 'தி லவ் பக்' படத்தின் ஹெர்பி, 53 என்று எண் எழுதிய வோக்ஸ்வேகன் பீட்டில், கதவைத் திறக்க விடாமல் நாயகி கேரலை நாயகன் ஜிம்மோடு உள்ளேயே அடைத்துவைக்கிறது. (இதையே ஒரு மனிதன் செய்தால் போலீஸ் வரும்.) ஆனால் ஜிம் மாஸ்டர் அல்ல, பந்தய ஓட்டுநர், தன் கையில் இருக்கும் ஸ்டியரிங்கே தன் பேச்சைக் கேட்காத மனிதர். 'படிக்காதவன்' (1985) ரஜினியும் அந்த ஜாதிதான். டாக்சிக்கு லட்சுமி என்று பெயர் வைத்து, கிளம்பச் சொல்லி அதனிடமே கெஞ்சுகிறவர். வண்டியிடம் தோற்கத் தெரிந்தவர்களுக்குத்தான் ஜோடி அமைகிறது என்பதற்கு இவர்களே என் தரப்புச் சாட்சிகள்.

இன்னும் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. கற்பிப்பவர் கற்பவரைக் காதலிப்பது முறையல்ல, அதனால்தான் கைகூடுவதில்லை, பிரேக் என்ன பாவம் செய்தது என்பது. நியாயம்தான். ஆனால் ஏன் முறையல்ல? ஒருவர் கையில் அதிகாரமும் மற்றவரிடம் பயமும் இருப்பதால். அந்த அதிகாரத்தை இரும்பில் அடித்து, ரப்பர் உறை போட்டு, இடப்பக்கத் தரையில் பொருத்தினால் கிடைப்பது எது? எட்டுப் போட்டு லைசென்ஸ் வாங்கியபின் இருவரும் சமம் ஆகலாமே என்றால், ஆகலாம். அதற்குள் மாஸ்டரின் வலது கால் பழகிவிட்டிருக்கும். சினிமாவுக்குப் போகலாமா என்று அந்தப் பெண் கேட்டாலும் அது முதலில் தரையைத்தான் அழுத்தும்.

கார்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அடுத்தடுத்து வந்த ஹெர்பி படங்களில் ஒன்றில் (1977), மான்டி கார்லோவுக்குப் பந்தயம் ஓடப் போன ஹெர்பி, ஜிசெல் என்ற லான்சியாவைக் கண்டதும் பந்தயத்தையே மறந்து அதன் பின்னால் போகிறது. உள்ளே உட்கார்ந்திருந்த ஜிம்மை அது ஒரு வார்த்தை கேட்கவில்லை.